மையத்தாங்கொல்லையில் யார் யார் இருக்கிறார்கள்?



மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டித் துப்புரவு செய்துவந்த ஒரு கறுப்பினப் பெண்மணியைப் பற்றி அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம்பெற்றுள்ளது. அப்பெண்மணியைக் காணாத நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்று பதில் வந்தது. அதைத் தமக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டார்கள். தோழர்கள் அந்த மரணத்தைப் பெரிதாகக் கருதவில்லை போலும் என்று அறிவிப்பிலேயே ஒரு குறிப்பு வருகிறது. பிறகு அவருடைய கபர் எங்கே என்று கேட்டறிந்து, அங்கே சென்று அவருக்காகத் தொழுதார்கள்.

பள்ளிவாசலைச் சுத்தம் செய்வதன் சிறப்பைச் சொல்லவே இந்த ஹதீஸை நாம் பெரும்பாலும் எடுத்தோதுகிறோம். அது சரிதான். ஆனால் இதில் வேறொரு செய்தியும் இருக்கிறது. ஓர் ஊரில் ஓர் ஏழை இறந்தார். ஊர் அதைத் தலைவரிடம் சொல்லத் தக்க செய்தியாக நினைக்கவில்லை. தலைவரோ, சொல்லாமல் விட்டதைக் குறையாகக் கருதினார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இரு கிரந்தங்களின் அறிவிப்பிலும் அவருடைய பெயர் இல்லை. இறந்தவர் ஆணா பெண்ணா என்பதிலேகூட அறிவிப்பாளர் ஒருவருக்குத் தடுமாற்றம் இருக்கிறது. உம்மு மிஹ்ஜன் என்ற பெயர் பைஹகீயின் அறிவிப்பு வழியாக நமக்குக் கிடைக்கிறது. அதுவும் 'மிஹ்ஜனின் தாய்' என்ற பொருள் தரும் பெயர்தான். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் அதிலும் இல்லை.

காவிரிக் கரையில் வாழும் நமக்கு இந்த வழக்கம் புதிதன்று.

ஜனாஸா நோட்டு

தஞ்சை மாவட்டத்தில் ஆற்றோரக் கிராமம் ஒன்றின் பள்ளிவாசலில் பழைய ஜனாஸா நோட்டு ஒன்றைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு ஒருமுறை எனக்குக் கிடைத்தது. நீளமான கணக்குப் பேரேடு. ஓரங்களைச் செல் அரித்திருந்தது. ஒவ்வொரு மௌத்துக்கும் ஒரு வரி. பிறையும் மாதமும் முதலில், அடுத்துத் தெரு, அதன்பின் வீட்டுக்காரர் பெயர். பிறகு செலவு: கஃபன் துணி இத்தனை கெஜம், கற்பூரம், சந்தனம், பன்னீர், குழி வெட்டிய கூலி. காசு கணக்குவரை எழுதியிருந்த கை, இறந்தவர் பெண்ணாக இருந்தால் பெயரை எழுதவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், இன்னார் வீட்டுக் குழந்தை. பக்கம் பக்கமாக அப்படியே. கஃபன் துணியின் அளவு தெரிகிறது, அதை உடுத்திச் சென்றவர் யார் என்பது தெரியவில்லை.

நோட்டை எழுதியவர்மீது குறை சொல்வது என் நோக்கமன்று. ஊர் அப்படித்தான் பேசியது, அவரும் அப்படியே எழுதினார். ஒலிபெருக்கி வருமுன் நகரா அடித்தும், பக்கத்து ஊர்களுக்கு ஆள் அனுப்பியும் மௌத்துச் செய்தி சொன்ன காலத்திலும் அதுவே வழக்கம். இன்றும் ஒலிபெருக்கியில், "இன்ன தெரு, இன்னாருடைய தாயார்" என்றே பல ஊர்களில் அறிவிக்கிறார்கள். கேட்பவருக்கு வீடு தெரிகிறது, ஜனாஸாவுக்குப் போய்விடலாம். அன்றைய தேவைக்கு அது போதும். அறுபது ஆண்டு கழித்துப் பேத்தி வந்து கேட்கும்போதுதான் அது போதாமல் போகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில், முதலாம் ராஜராஜன் காலத்தில், கோயிலில் ஆடிய 400 பெண்களின் பெயர்கள் தெரு வாரியாக, வீடு வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்த மண்ணில் பெண்ணின் பெயரை எழுதி வைக்கத் தெரிந்திருந்தது. அதே கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலும் வருகிறது. ஊர் நத்தம், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரியும் சுடுகாடும் அதில் உண்டு. அங்கே வாழ்ந்தவர், அங்கே எரிந்தவர் பெயர் மட்டும் இல்லை. யாருடைய பெயரை எழுத வேண்டும் என்பதை எந்தக் காலத்திலும் யாரோ ஒருவர் தீர்மானித்தே வந்திருக்கிறார்.

அல்லாஹ் அறிவான், பிறகு நாம் ஏன் எழுத வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது. ஹிஜ்ரி 21இல் நடந்த நிஹாவந்த் போரின் செய்தியை உமர் (ரலி) அவர்களிடம் தூதர் கொண்டுவந்தார். தளபதி நுஃமான் இப்னு முகர்ரின் (ரலி) ஷஹீதானதைச் சொன்னார். மேலும் சிலரின் பெயரைச் சொல்லிவிட்டு, இன்னும் பலர் இறந்தனர், அவர்களைத் தாங்கள் அறியமாட்டீர்கள் என்றார். உமர் (ரலி) அவர்கள் அழுதார்கள். உமர் அவர்களை அறியாததால் அவர்களுக்கு என்ன நஷ்டம், அவர்களைப் படைத்தவன் அறிவானே என்ற கருத்தில் பதில் சொன்னார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

ஆனால் அதே உமர் (ரலி) அவர்களே 'திவான்' எனும் பதிவேட்டை ஏற்படுத்தியவர்கள். உதவித்தொகை பெறுவோர் ஒவ்வொருவரின் பெயரும் அதில் குலம் வாரியாக எழுதப்பட்டது. பால்குடி மறந்த குழந்தைகளுக்கே தொகை என்றிருந்ததைப் பிறந்த குழந்தைக்கும் உண்டு என்று மாற்றினார்கள். அல்லாஹ் அறிவான் என்பதில் அவர்களைவிட உறுதியுடையவர் யார்? அந்த உறுதி பதிவேட்டை மூடி வைக்கச் சொல்லவில்லை. இறந்தவரை அல்லாஹ் அறிவது அவருக்குப் போதும். இறந்தவருக்குரிய கடனும், வஸிய்யத்தும், வாரிசுப் பங்கும் நம் கழுத்தில் இருக்கின்றன. அவற்றை நாம் அறிந்தாக வேண்டும்.

ஹதீஸ் கலையில் இறந்த ஆண்டைத் தெரிந்துகொள்வது ஒரு தனிப் பாடம். இன்ன ஷைகிடம் கேட்டேன் என்று ஓர் அறிவிப்பாளர் சொன்னால், அந்த ஷைகு எந்த ஆண்டில் வஃபாத்தானார், இவர் எந்த ஆண்டில் பிறந்தார் என்று இமாம்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொய்யர் பலர் அந்த இடத்திலேயே பிடிபட்டனர். இப்னு ஸஅதின் 'தபகாத்' முதல் இப்னு கல்லிகானின் 'வஃபயாத்துல் அஃயான்' வரை இறந்தோர் வரலாறு பெரும் நூல்களாக நிற்கிறது. ஒரு வருத்தமும் உண்டு. இப்னு கல்லிகானின் நூல் அதன் பெயரே சொல்வதுபோல் பிரமுகர்களின் மரணங்களைப் பற்றியது. நாற்று நட்டவரும் மூட்டை சுமந்தவரும் அதில் வருவதில்லை. அவர்களுக்கு ஊர்தான் நூல்.

கீழ்வெண்மணி

ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடையது என்று சொல்லப்பட்டது. அவரும் ஓர் உயிர் அல்லவா என்ற கருத்தில் பதிலளித்தார்கள். ஸஹ்ல் இப்னு ஹுனைஃப், கைஸ் இப்னு ஸஅத் (ரலி) இருவரும் காதிஸிய்யாவில் இருந்தபோது அந்நாட்டு முஸ்லிமல்லாத ஒருவரின் சடலம் கொண்டுசெல்லப்பட, தாமும் எழுந்து நின்று இந்தச் செய்தியைச் சொன்னார்கள் என்பது புகாரியில் உள்ளது.

நம் டெல்டாவில் நாம் எழுந்து நிற்க வேண்டிய மரணங்களில் முதன்மையானவை கீழ்வெண்மணியில் நிகழ்ந்தவை. அப்போது ஒன்றாயிருந்த தஞ்சை மாவட்டத்தில், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டப் பகுதியில் உள்ள சிற்றூர் அது. விவசாயக் கூலிகள் அறுவடைக் கூலியாகச் சற்றுக் கூடுதல் நெல் கேட்டனர், சங்கக் கொடியை இறக்கவும் மறுத்தனர். நிலக்கிழார்களோ நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்து எதிர்நின்றனர். 1968 டிசம்பர் 25 இரவு மோதல் மூண்டது. நிலக்கிழார் தரப்பைச் சேர்ந்த ஒருவரும் அன்று கொல்லப்பட்டார். கும்பல் சேரியைச் சூழ்ந்தபோது ஓட இயலாத பெண்களும் குழந்தைகளும் முதியோரும் தெருவின் கோடியில் இருந்த ஒரு சிறு குடிசைக்குள் புகுந்தனர். குடிசைக்கு வெளியே தீ வைக்கப்பட்டது. உள்ளே சிக்கியோர் எரிந்து மாண்டனர். மாண்டவர் அனைவரும் தாழ்த்தப்பட்ட மக்கள்.

அன்றைய நாளேடுகளில் இறந்தோர் எண்ணிக்கை 42 என்று வந்தது. ஊர் மக்கள் தங்கள் பிள்ளைகளையும் தாய்மாரையும் பெயர் சொல்லி எண்ணினார்கள். 44 என்று வந்தது. இன்று அங்கே நினைவிடத்தில் அந்த 44 பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. கரிக்கட்டையாகிப்போன உடல்களை வெளியார் எண்ணியதற்கும், வீட்டுக்கு வீடு யாரைக் காணோம் என்று ஊரார் எண்ணியதற்கும் இடையே உள்ள வேறுபாடு இரண்டு உயிர். பெயர் தெரிந்தவர் உயிரோடு இல்லாதிருந்தால் அந்த இருவர் கணக்கிலேயே வந்திருக்கமாட்டார்கள்.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் நிலக்கிழார் தரப்பினர் சிலருக்குத் தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் அவர்களை விடுவித்தது. பெரும் நிலமும் காரும் உடைய கனவான்கள் தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப இயலவில்லை என்பது அத்தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. விவசாயக் கூலியை ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் விளைவாக 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இந்திரா பார்த்தசாரதி இந்நிகழ்ச்சியைப் பின்னணியாக வைத்து எழுதிய 'குருதிப்புனல்' நாவல் 1977இல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று மக்கள் அங்கே கூடுகின்றனர்.

இதை ஜுமுஆ மேடையில் ஏன் பேச வேண்டும் என்று எவரேனும் கேட்கலாம். நம் மஹல்லாக்களிலும் வேலி கணக்கில் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. நம் வயல்களிலும் இத்தகைய சேரிகளிலிருந்து வந்தவர்களே நட்டார்கள், அறுத்தார்கள், களத்தில் போரடித்தார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை அவர்களில் பலர் ஒரே பண்ணையில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தார்கள். நம் பாட்டனாரின் நிலத்தில் உழைத்தவர் யார், அவர் எப்போது இறந்தார், அவருக்குச் சேர வேண்டிய நெல் சேர்ந்ததா? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழியை அறிந்த நாம் இக்கேள்வியைத் தவிர்த்துவிட முடியாது. நம் வீடுகளில் பழைய குத்தகைச் சீட்டுகள் இருக்கின்றன. கலமும் மரக்காலும் அவற்றில் இருக்கின்றன. அறுத்தவரின் பெயர் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.

கடல் கடந்தோர்

கூத்தாநல்லூரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் பர்மா, மலாயா, சிங்கப்பூர், சைகோன் என்று கடல் கடந்து பிழைத்த ஊர்கள். கூத்தாநல்லூருக்குச் 'சின்ன சிங்கப்பூர்' என்று பட்டப்பெயரே உண்டு. அந்தப் பணத்தில் எழுந்த மாடிவீடுகளை நாம் பார்க்கிறோம். போனவர்களில் திரும்பாதோர் கணக்கை யார் பார்த்தார்கள்? 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது லட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தே வெளியேறினர். காலராவிலும் பசியிலும் பல்லாயிரவர் வழியில் விழுந்தனர். 1942-43இல் சயாம்-பர்மா ரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் கதையும் அதுவே. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு ஒவ்வொருவர் பெயரோடும் அடக்கத்தலம் இருக்கிறது. புல்வெளி, வரிசை, வெண்கலப் பலகை என்று ஒழுங்காகப் பேணப்படுகிறது. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்த தமிழ், மலாய், பர்மியத் தொழிலாளருக்கு அப்படி ஒன்று இல்லை. பாதையோரக் காட்டிலேயே புதைக்கப்பட்டவர்கள் அவர்கள்.

நஜ்ஜாஷி மன்னர் தம் நாட்டில் இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அச்செய்தியை அறிவித்து, மதீனாவில் நான்கு தக்பீர் கூறித் தொழுதார்கள். இதை ஆதாரமாகக் கொண்டு ஷாஃபிஈ மத்ஹபில் காயிப் ஜனாஸா தொழுகை உண்டு. ஹனஃபீ மத்ஹபில் இல்லை. நம் பகுதியில் கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ, உள்நாட்டு ஊர்கள் பெரும்பாலும் ஹனஃபீ என்பதால், இந்த வேறுபாட்டை அறியாமல் சிலர் தர்க்கம் செய்வதுண்டு. தர்க்கத்தை விடுங்கள். தொழுகை உண்டென்போரும் இல்லையென்போரும் துஆ உண்டு என்பதில் ஒன்றுபட்டவர்களே.

பர்மாவிலிருந்து கடிதம் நின்றுபோன வீடுகளில் மனைவியரின் நிலை வேறு. கணவர் இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாமல் இத்தாவும் இருக்க இயலாமல் மறுமணமும் செய்ய இயலாமல் ஆயுளைக் கழித்த பெண்கள் நம் கொல்லைப்புறங்களில் வாழ்ந்தார்கள். காணாமற்போன கணவனைப் பற்றிய ஃபிக்ஹுச் சட்டத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாலிகீ மத்ஹபின் நான்கு ஆண்டுத் தவணையைப் பிற்கால ஹனஃபீ அறிஞர்கள் ஏற்றதும், 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் நான்கு ஆண்டு தகவல் இல்லாத கணவரிடமிருந்து விடுதலை பெற வழி செய்ததும் இதன் தொடர்ச்சியே. அந்த வழி இருக்கிறது என்று எத்தனை மஹல்லாக்களில் அப்பெண்களிடம் சொன்னார்கள்?

2004 டிசம்பர் 26

சுனாமி நம் கண்முன் நடந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாகூர் தர்கா இடம் திறந்துவிட்டது. உயிர் பிழைத்தோர் அங்கே தங்கினர். மதம் பாராமல் சடலங்களும் அதன் இடத்தில் அடக்கப்பட்டன. முஸ்லிம் இளைஞர்கள் நாட்கணக்கில் சேற்றிலிருந்து உடல்களை எடுத்தார்கள். அப்போது அவசரம். வெயிலில் உடல்கள் ஊதிப்போயின, பெரும் குழி வெட்டிச் சேர்த்துப் புதைக்க வேண்டியதாயிற்று. உஹதிலும் எழுபது ஷஹீதுகளை ஒரு கபரில் இருவர் மூவராக அடக்கம் செய்த நிர்ப்பந்தம் இருந்தது. அப்போதும் நபி (ஸல்) அவர்கள், இவர்களில் குர்ஆனை அதிகம் அறிந்தவர் யார் என்று கேட்டு அவரை முன்னே வைத்தார்கள். கூட்டுக் குழியிலும் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது.

கபர்மீது கட்டடம் எழுப்புவதையும் காரை பூசுவதையும் தடுக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. ஆகவே நம் மையத்தாங்கொல்லைகளில் ஒரு மீசான் கல்லோ பலகையோ மட்டும் நிற்கும். உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களின் கபருக்குத் தலைமாட்டில் நபி (ஸல்) அவர்கள் ஒரு கல்லை வைத்து, அதைக் கொண்டு இடத்தை அறிந்துகொள்ளலாம் என்று கூறியது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நம் ஈர மண்ணில் பலகை சில மழைக்காலங்களில் உளுத்துவிடும். பழைய குழியில் புதிய குழி வெட்டுவார்கள், அதற்கு மார்க்கத்தில் இடமும் உண்டு. ஆகவே மண்மீது அடையாளம் நிலைக்காது. நோட்டில்தான் நிலைக்கும்.

அரசின் பதிவும் அப்படியே. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் இறப்பைத் தெரிவித்தால் கட்டணம் இல்லை. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர் பதிவு செய்கிறார். ஓராண்டு கடந்துவிட்டால் நடுவரின் ஆணை வேண்டும். வீட்டில் இறந்த முதியவருக்கு, அதிலும் சொத்தில்லாத பெண்ணுக்கு, சான்றிதழ் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். பின்னாளில் வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாற்றத்துக்கும் மகள் அலையும்போது, அவளுக்கு அல்லாஹ் விதித்த பங்கு ஒரு காகிதத்துக்காக நிற்கிறது. ஜனாஸா நோட்டில் பெயர், வயது, தேதி சரியாக இருந்தால் அந்த அலைச்சலில் பாதி குறையும்.

மேலே சொன்ன ஊருக்கே திரும்புகிறேன். அங்கே நாற்பது ஆண்டுகளாகப் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு வந்த ஒரு மூதாட்டி இருந்தார். ஊரே அவரை 'நன்னி' என்றது. காலரா வந்து இறந்தவரையும், கிணற்றில் விழுந்து மூன்றாம் நாள் எடுக்கப்பட்டவரையும் அருவருக்காமல் குளிப்பாட்டியவர். பார்த்த குறைகளை வெளியில் சொல்லாதவர். பிள்ளை குட்டி இல்லை. அவர் மௌத்தானபோது குளிப்பாட்ட ஆள் தேடி அடுத்த ஊருக்கு சைக்கிள் போனது. நோட்டில் எழுத மோதினார் உட்கார்ந்தார். மனைவி என்று எழுதக் கணவர் பெயர் எவருக்கும் தெரியவில்லை, தாயார் என்று எழுதப் பிள்ளை இல்லை. பேனாவைப் பிடித்தபடியே நன்னியின் பெயர் என்ன என்று கேட்டார். பள்ளிவாசல் முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பையனை அவர் குடிசைக்கு அனுப்பி, தகரப் பெட்டியிலிருந்த ரேஷன் கார்டை எடுத்துவரச் செய்தார்கள். அந்த நோட்டில் தன் சொந்தப் பெயரால் எழுதப்பட்ட முதல் பெண் அவர்தான். அதற்கு அடுத்த வரியிலிருந்து எல்லாப் பெண்களுக்கும் பெயர் இருக்கிறது.